கமலாசனி நிரப்பிய மனு

சாப்பாட்டு மணி அடித்ததும் மற்றப் பெண்கள் பெட்டியைத் திறப்பார்கள். கமலாசனி பேப்பரை விரிப்பாள். கறிப் போத்தல் சுற்றி வந்த போன மாதத்துப் பத்திரிகையானாலும் பரவாயில்லை. தொழில் திணைக்களம், தேர்தல் ஆணைக்குழு என்ற சொற்கள் எங்காவது கிடக்கின்றனவா என்று எண்ணெய்க் கறைக்கு மேலாக விரலை ஓட்டுவாள். கிடந்தால், இடுப்பில் தொங்கும் நூல் வெட்டும் கத்தரிக்கோலால் அந்தத் துண்டை நறுக்கிக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் சோற்றில் கை வைப்பாள்.

கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாகச் சட்டைக் கொலர் தைக்கிறாள். வயது நாற்பத்தொன்று. முரசுமோட்டையிலிருந்து கம்பனி பஸ்ஸில் வந்துபோகிறாள். புருஷன் வீரகத்தி வயல் செய்கிறவர். "என்ரை வீட்டிலை பாராளுமன்றமும் அவதான், வழக்குப் பேசுற கோடும் அவதான்" என்பார். தொழிற்சாலையில் அவளுக்குச் 'சட்டக்கா' என்று பெயர். பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை நாள் லீவு, பாலூட்டும் தாய் வேலை நேரத்தில் எத்தனை தரம் எழும்பிப் போகலாம் என்பதெல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில் நிற்கும்.

நின்று என்ன, வெளியே வராது. நாலு பேர் கூடிய இடத்தில் எழும்பினால் தொண்டை அடைத்துவிடும். "அது வந்து... சட்டத்திலை..." என்று இழுத்து முடிப்பதற்குள் சுப்பர்வைசர் மணிக்கூட்டைப் பார்த்துவிடுவார்.

அதே முரசுமோட்டையிலிருந்து அதே பஸ்ஸில் வருகிற கௌசலாவுக்கு அந்தக் கரைச்சல் கிடையாது. இருபத்தொன்பது வயது. பக்கத்து வரிசையில் சட்டைக் கை தைக்கிறாள். அவள் கதைக்கத் தொடங்கினால் மனேச்சரே பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்பார். கமலாசனிக்கு வயிறு எரிவது அந்த இடத்தில்தான்.

பாராளுமன்றத் தேர்தலுக்கு நிர்வாகம் வேலை முடிந்தபின் போய் வோட்டுப் போடும்படி சொன்னது. வேலை முடியும்போது வாக்குச்சாவடி பூட்டியிருக்கும். எழுத்தில் கேட்டால் சம்பளம் வெட்டாமல் குறைந்தது நாலு மணித்தியாலம் லீவு தரவேண்டும் என்று கமலாசனி கண்டுபிடித்தாள். கடிதத்தை எழுதியவளும் அவள்தான். மூன்று நாள் மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு, வரிசை வரிசையாகக் கையெழுத்து வாங்கியவளும் அவள்தான். மனேச்சரின் அறைக்குள் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோனவள் கௌசலா. கால் மணித்தியாலத்தில் சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்றிலிருந்து அது 'கௌசலா எடுத்துத் தந்த லீவு' ஆகிவிட்டது. கமலாசனி யாரையும் திருத்தவில்லை. வீட்டுக்குப் போய் வீரகத்தியின் சேட்டு மூன்றைத் தேவையில்லாமல் தோய்த்தாள்.

பிறகு அவளுடைய கண் கௌசலாவைவிட்டு அகலவில்லை. பஸ்ஸில் யார் அவளுக்கு இடம் பிடிக்கிறார்கள், தேத்தண்ணிக் கோப்பை முதலில் யாருக்குப் போகிறது என்பதெல்லாம் மனப்பாடம். கௌசலா எழுதிய வாழ்த்து மட்டையில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததை மூன்று பேரிடம் சொன்னாள். கௌசலா கத்தரிப்பூ நிறத்தில் சேலை கட்டி வந்த கிழமை, தானும் அதே நிறத்தில் ஒன்று வாங்கினாள். வாங்கியதை வெளியில் கட்டவில்லை. "அவளுக்கென்ன, வாய் கிடக்குது" என்பது அந்த நாட்களில் அவள் அடிக்கடி சொன்ன வசனம்.

பங்குனியில் பிரதேச சபைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. கம்பனி பஸ் சாரதி சுகிர்தன் ஊர் ஆட்களைச் சேர்த்து ஒரு சுயேச்சைக் குழு தொடங்கினான். வேட்பாளர்களில் நாலில் ஒரு பங்கு பெண்கள், நாலில் ஒரு பங்கு முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் இருக்கவேண்டும் என்ற விதியைப் பஸ்ஸில் அவனுக்கு விளங்கப்படுத்தியவள் கமலாசனி. ஒரு ஞாயிறு பின்னேரம் அவன் ஒரு பைலோடு வீட்டுக்கு வந்தபோது, எதற்கு வருகிறான் என்று தனக்குத் தெரியும் என நினைத்தாள். கதிரையைத் துடைத்துப் போட்டாள். இல்லை என்று ஒருதரம் சொல்லிவிட்டுப் பிறகு ஓம் என்று சொல்வதாகத் தீர்மானித்தும் வைத்திருந்தாள்.

சுகிர்தன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். "கௌசலாவைப் போட்டிருக்கிறம் அக்கா. பெண்ணுக்கும் சரி, இளைஞருக்கும் சரி, ஒராளாலை ரெண்டும் நிரம்புது. இந்தப் போமைப் பிழையில்லாமல் நிரப்ப உங்களை விட்டால் ஆள் இல்லை."

கமலாசனி வேட்புமனுப் போமை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் இருந்து நிரப்பினாள். அவளுடைய எழுத்து அச்சடித்தது போல இருக்கும். எல்லாப் பெயர்களும் சரி, எல்லா அடையாள அட்டை இலக்கங்களும் சரி. மனுக் கொடுக்கக் கடைசி நாளுக்கு முதல் நாள் இணைப்புகளை அடுக்கும்போது கௌசலாவின் பிறப்புச் சான்றிதழ் கையில் வந்தது. வெறும் போட்டோக் கொப்பி. இளைஞர் வேட்பாளர் என்றால் வயதைக் காட்ட உறுதிப்படுத்திய பிரதி வேண்டும், இல்லாவிட்டால் சத்தியக் கடதாசி வேண்டும். இரண்டும் இல்லை. வேறிடங்களில் இதற்காகவே மனுக்களைத் திருப்பினார்கள் என்று வெட்டிவைத்த துண்டு ஒன்று அவளுடைய கைப்பையிலேயே இருந்தது.

கொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நிரப்பத்தானே சொன்னவர்கள், பார்க்கச் சொல்லவில்லையே என்று நினைத்தாள். அதை மற்றக் கடதாசிகளோடு சேர்த்துக் கிளிப் போட்டுச் சுகிர்தனிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸால் இறங்கும்போது கௌசலா அவளுடைய கையைப் பிடித்து, மனுவில் பிழை ஒன்றும் இல்லைத்தானே என்று கேட்டாள். இல்லை என்றாள் கமலாசனி. கௌசலா சுகிர்தனோடு மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போனாள். பன்னிரண்டு மணிக்கு வேட்புமனு முடியும்.

மெஷினில் குந்திய கமலாசனிக்குக் கொலர் ஓடவில்லை. பிடித்த பிடியில் தலைகீழாகத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள். கௌசலாவை நினைத்து அவள் கலங்கவில்லை. தெரிவத்தாட்சி அலுவலர் அந்த மனுவைத் தூக்கிப் பிடித்துத் தள்ளுபடி என்று சொல்லும்போது எல்லாரும் பார்க்கப்போவது யாருடைய எழுத்தை என்ற எண்ணம்தான் வந்து குத்தியது. ஆர் நிரப்பினது என்று கேட்பார்கள். சட்டக்கா என்று சொல்வார்கள். பத்தேகாலுக்கு எழும்பி அரை நாள் லீவு கேட்டாள். அன்று தொண்டை அடைக்கவில்லை.

கச்சேரி வாசலில் ஓட்டோவால் இறங்கியவள், வரிசையில் நின்ற கௌசலாவை இழுத்துக்கொண்டு அதே ஓட்டோவில் திரும்ப ஏறினாள். பஸ் நிலையத்தடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் முத்தலிப், சத்தியக் கடதாசிக்கு முத்திரை குத்தும் அதிகாரமுள்ள ஒரு சமாதான நீதவான். போகிற வழியில் விஷயத்தை இரண்டு வசனத்தில் சொன்னாள்.

"எப்ப கண்டனீங்கள் அக்கா?" என்று கேட்டாள் கௌசலா.

"நேற்றே கண்டனான்."

புகையிரதக் கடவையில் ஓட்டோ குலுங்க, கௌசலா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பிறகேன் இப்ப வந்தனீங்கள்?"

"எழுத்து என்ரை."

முத்தலிப்பின் மேசையில், ஆணிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு, நின்றபடியே கமலாசனி சத்தியக் கடதாசியை எழுதினாள். கௌசலா ஒப்பமிட, முத்தலிப் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு தரம் வாசித்துவிட்டு முத்திரை குத்தினார். பதினொன்று நாற்பதுக்கு மனு உள்ளே போனது. ஆட்சேபனை நேரமும் கடந்த பிறகு, ஏற்றுக்கொள்ளப்பட்ட குழுக்களின் பெயர்களில் அவர்களுடையதும் இருந்தது.

ஓட்டோவில் நடந்த கதையைக் கௌசலா யாரிடமும் சொல்லவில்லை. கமலாசனி ஒரு மாதம் பார்த்திருந்தாள். பஸ்ஸில் ஒரு பார்வை, வரிசையில் ஒரு குசுகுசுப்பு, எதுவும் வரவில்லை. "கடைசி நேரத்திலை கமலாக்கா ஓடி வந்திராட்டில் நாங்கள் இல்லை" என்று மட்டும் போகிற கூட்டங்களிலெல்லாம் கௌசலா சொன்னாள். அதுதான் கமலாசனிக்கு எல்லாவற்றிலும் பெரிய எரிச்சலாகப் போனது. இந்தப் பெருந்தன்மையும் அவளுக்குத்தானா கிடைக்கவேண்டும்?

வைகாசியில் தேர்தல் நடந்தது. குழுவுக்கு இரண்டு ஆசனம். அதில் ஒன்றில் கௌசலா. கேட்கவேண்டிய கேள்விகளை இப்போதும் கமலாசனிதான் பஸ்ஸில் எழுதிக் கொடுக்கிறாள். வயல் கூலிக்குப் போகும் பெண்களின் சேமலாப நிதி பற்றி எழுதிய கேள்வியில் கௌசலா ஒரு சொல்லை மாற்றிவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

முதலாவது அமர்வு முடிந்த அன்று, சபையின் முன்படியில் எல்லாரும் படம் எடுக்கக் கூடினார்கள். மாலையும் கழுத்துமாக நின்ற கௌசலா, கூட்டத்தின் கடைசியில் நின்ற கமலாசனியைக் கண்டு, கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினாள். சுகிர்தன் போனை உயர்த்தி, கிட்ட நில்லுங்கோ என்றான். கமலாசனி ஒருதரம் கௌசலாவின் தோளைப் பார்த்தாள், ஒருதரம் அதைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்த தன்னுடைய தோளைப் பார்த்தாள். பிறகு சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு படி மேலே ஏறி நின்றாள்.