கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி

விடுதியைக் காலி செய்யச் சொன்ன அன்று எங்களுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். "பத்து நாளுதாம்பா, திரும்பி வந்துடப்போறீங்க" என்றார் வாட்ச்மேன். நானும் நம்பினேன். இரண்டு பேண்ட், மூன்று சட்டை, சார்ஜர். அவ்வளவுதான் எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். குமராட்சிப் பக்கம் போகிற மினி பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. கட்டிலுக்குக் கீழே சுவரோரம் தள்ளி வைத்திருந்த தகரப் பெட்டி. சரி, பத்து நாள்தானே.

அதில்தான் என் அசல் சான்றிதழ்கள் அத்தனையும் இருந்தன. பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்றிதழ், டிகிரிச் சான்றிதழ். எம்.எஸ்சி. மட்டும் இன்னும் முடியவில்லை. இவ்வளவையும் கொண்டுபோய் யாராவது விடுதியில் வைப்பார்களா என்று கேட்கிறவர்கள் மழைக்காலத்தில் எங்கள் ஊருக்கு வந்திருக்க மாட்டார்கள். கொள்ளிடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு நிற்கும். ஒரு வருடம் ரேஷன் கார்டு கூழாகிப்போனது. அதன்பிறகு அம்மா என் சான்றிதழ்களை உரமூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூன்றாக மடித்து, சணலால் கட்டி என்னிடம் கொடுத்தாள். "காயிதம் இங்க இருக்க வேணாம்டா. மாடி ரூம்லயே இருக்கட்டும்." எங்கள் குடும்பத்துக்கென்று இருந்த ஒரே மேட்டு நிலம் சிதம்பரத்தில் இரண்டாம் மாடியில், என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

பத்து நாள் முடிந்தது. இருபது முடிந்தது. மாதங்களும் போயின. ஊர் முனையில் மூங்கிலைக் குறுக்கே கட்டி வேப்பிலை செருகியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நடவுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஊரடங்கு எனக்கு மட்டும்தான் போட்டிருக்கிறார்களோ என்று தோன்றும். ஒரே அறை வீடு. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. கொள்ளிடக் கரைமேல் ஏறினால்தான் போனில் சிக்னல் வரும் என்பது வெளியே போவதற்கு நல்ல சாக்கு. மதகிலிருந்து ஒற்றைப் பனைவரை நடப்பேன், திரும்புவேன், மறுபடியும் நடப்பேன். மாடு மேய்க்கிறவர்கள் ஏதோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்தார்கள்.

என் மாமா மகன் டிராக்டர் ஓட்டுகிறவன். எட்டாவதோடு நின்றவன், என் வயதுதான். ஒருநாள் வண்டியைக் கரையோரம் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "என்னா மச்சான், படிப்பு பொட்டியில கெடக்கு, நீ கரைமேல கெடக்குற. ரெண்டு பேரும் தனிமைப்படுத்திக்கிட்டீங்களா?"

சிரித்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் அன்று காலையில்தான் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்திருந்தது. எங்கள் விடுதி வாசலில் கொரோனா சிகிச்சை மையம் என்று பேனர். ரூமில் இருந்த சாமான்களையெல்லாம் ஹாலில் கொட்டிவிட்டார்கள் என்று ஒருவன் போட்டிருந்தான். இல்லை, வாரி எரித்துவிட்டார்கள் என்றான் இன்னொருவன். இரண்டு பேருமே நேரில் பார்த்தவர்கள் இல்லை. வார்டனுக்குப் போன் போட்டேன். "உள்ள யாரும் போவ முடியாதுப்பா, எல்லாம் முடியட்டும்" என்றார். எது முடிய வேண்டும், எப்போது முடியும் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து, மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு.

"தம்பி, தகரப் பொட்டி ஒங்களுதா?"

கரைமேல் அப்படியே நின்றுவிட்டேன். "யாருங்க பேசுறது?"

"நான் ஒங்க ரூம்ல இருக்கேன். எதிர்க் கட்டில்ல படுத்தா ஒங்க பொட்டிதான் கண்ணுக்குத் தெரியுது. அதுல பேரும் நம்பரும் எழுதியிருக்கு. நாலு நாளா அதையேதான் படிச்சுக்கிட்டிருக்கேன். படிக்க வேற ஒண்ணும் இல்ல."

அவர் பரங்கிப்பேட்டைக்காரர். வளைகுடாவில் ஒரு கடையில் பல வருடம் வேலை. விமானம் ஏறி வந்தவரைச் சோதித்துவிட்டு இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவர் வீடு அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை. பிள்ளைகளை வீடியோவில் பார்ப்பாராம். "அங்கேருந்தும் வீடியோவுலதான் பாத்தேன், இங்கேருந்தும் வீடியோவுலதான் பாக்குறேன். அப்பறம் எதுக்கு நான் பிளேன் ஏறுனேன்?"

தினமும் பேச ஆரம்பித்தார். அவரை நான் பாய் என்று கூப்பிட்டேன். காய்ச்சல் விட்டுவிட்டது, வாசம் மட்டும் தெரியவில்லை என்றார். அத்தரை மூக்கில் ஊற்றிக்கொள்ளாத குறையாக வைத்துப் பார்த்தாராம். தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். இன்னொன்றும் அவருக்குக் குறை. "காலைல ஒரு போன் வரும் தம்பி. காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, மூச்சு வாங்குதா? மூணு கேள்வி. நான் ஒண்ணு கேக்கலாம்னு வாயத் தொறக்குறதுக்குள்ள கட்டாயிடும்."

அந்தச் சமயத்தில்தான் கடலூரிலிருந்து தகவல் வந்தது. ஒரு அலுவலகத்தில் தற்காலிக வேலைக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். வராதவர்களுக்கு மறுவாய்ப்பு இல்லை. எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் நேர்முகத் தேர்வு என்று ஒரு கடிதம் வந்ததில்லை. அப்பா அதைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். "அசல்னா அந்தப் பொட்டியில இருக்குறதுதானே?" என்றார். விடுதி சிகிச்சை மையமாகிப்போன விஷயம் அப்போதுதான் அம்மாவுக்கும் தெரிந்தது. அவள் திட்டவில்லை. "நாந்தானே அங்க வெக்கச் சொன்னேன்" என்றாள். திட்டியிருக்கலாம்.

அன்று பாய் கூப்பிட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி: "பாய், பொட்டி இருக்குல்ல?"

"பொட்டிக்குக் காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, மூச்சு வாங்கல. வேற?" என்றார்.

கரைமேல் யாரும் இல்லை. ஆனாலும் தலை குனிந்துகொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளம், ரேஷன் கார்டு, கடலூர், வெள்ளிக்கிழமை. அவர் குறுக்கே பேசவே இல்லை. கடைசியில், "அட, மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஆனா இங்கேருந்து எதையும் வெளிய எடுக்க வுட மாட்டாங்க. நான் போனாத்தான் என் பையில வெச்சு எடுத்தாரலாம். புதன்கிழமை எனக்கு ரிசல்ட். நெகட்டிவ்னா வியாழக்கிழமை வுட்டுடுவாங்க. பாசிட்டிவ்னா இன்னும் பத்து நாளு" என்றார்.

அந்த மூன்று நாளும் நான் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். போனை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன், உடனே எடுப்பேன். அவருக்குக் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆனால் அவருக்காக வேண்டிக்கொள்ளவில்லை, வெள்ளிக்கிழமைக்காக வேண்டிக்கொண்டேன். இதை அவரிடம் நான் சொன்னதில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார். "நெகட்டிவ்! சாவி எங்க?"

சாவி என் அரைஞாண் கயிற்றில் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஒடச்சுடுங்க பாய்" என்றேன். ரூமில் என்னோடு இருந்தவன் உடம்பு தேற்றுவதற்காக வாங்கி இரண்டே நாள் தூக்கிய டம்பெல் ஒன்று அலமாரிமேல் கிடந்தது. அதைச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் பூட்டை அடித்தார். அப்பா, அம்மா, மச்சான் எல்லோரும் கரைமேல் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டோம். ஏழெட்டு அடி. பிறகு தகர மூடி திறக்கிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை.

"பாய்? காயிதம் இருக்கா? நனையாம இருக்கா?"

"தம்பி..." அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "பொட்டியில பாச்சை உருண்டை போட்டிருக்கியா?"

"ஆமா பாய். காயிதம்..."

"வாசம் வருது தம்பி! பாச்சை உருண்டை வாசம் வருதுப்பா! யா அல்லாஹ், என்னா நாத்தம்!" அந்த நாற்றத்தை அவ்வளவு சந்தோஷமாக மோந்து பார்த்த மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. சிரித்துக்கொண்டே இருந்தார், நடுவில் மூக்கை உறிஞ்சினார். நான் மறுபடியும் காகிதத்தைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் ஒரு அடி வைத்தாள். "சும்மா இருடா. அந்த மனுசன் மோந்து பாக்கட்டும்."

அவராகத்தான் சொன்னார், எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டார். திரும்பக் கட்ட வரவில்லை. அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பாய், வாய்ப் பக்கத்த உள்ள மடிங்க. ஆங். இப்ப அப்புடியே சுருட்டுங்க. காத்து இருக்கக்கூடாது, மேல உக்காந்துக்குங்க." எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா, பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவரை என் டிகிரியின் மேல் உட்கார வைத்தாள். மச்சான் கரையில் விழுந்து புரண்டு சிரித்தான்.

வியாழக்கிழமை மச்சானின் டிவிஎஸ் எக்ஸெல்லில் சிதம்பரம் போனோம். விடுதிக்கு எதிரே ரோட்டைத் தாண்டி நிற்கச் சொன்னார்கள். மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு ஏழெட்டுப் பேர் வெளியே வந்தார்கள். வாசலில் முதுகில் டேங்க் கட்டியிருந்த ஒருவர் எல்லோருடைய பைமேலும் மருந்து அடித்தார். வயலில் பூச்சிமருந்து அடிக்கிற அதே டேங்க். ஒரு பையிலிருந்து சொட்டச் சொட்ட வடிந்தது. அதுதான் அவர் பை என்று பிறகு தெரிந்தது.

அவர் ரோட்டைக் கடந்து வந்து, பைக்குள்ளிருந்து உறையை எடுத்து ஒரு வாய்க்கால் கல்வெர்ட் சுவர்மேல் வைத்துவிட்டு ஆறடி பின்னால் போய் நின்றார். முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. சட்டை தோளிலிருந்து தொங்கியது.

"நீங்க குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன் பாய்."

"இருந்தேன். ஒங்க ரூம்லதான் கரைஞ்சேன்." கையை நீட்டப் போனவர் பாதியில் இறக்கிக்கொண்டார். "பூட்டுக்குப் பதிலா கம்பி போட்டுக் கட்டிட்டேன். உள்ள துணிமணியெல்லாம் அப்படியேதான் இருக்கு." அவர்களை ஊருக்குக் கொண்டுபோய் விட நின்றிருந்த வேன்காரர் ஹார்ன் அடித்தார். பேச வேண்டியது நிறைய இருந்த மாதிரி இருந்தது. "போய்ட்டு வாங்க பாய்" என்றேன்.

வீட்டில் அம்மாதான் பிரித்தாள். சணல் வெளுத்துப்போயிருந்தது. உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "பாய் நல்லாத்தான் மடிச்சிருக்காரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை கடலூர். அலுவலக வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒருவர், கையில் ஒரு பைல். என் முறை வந்ததும் உள்ளே போனேன். பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பைலை நீட்டினேன்.

"கிட்ட வராதீங்க! அங்கேருந்தே தூக்கிக் காட்டுங்க."

ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார். "ஜெராக்ஸ அந்தப் பெட்டியில போட்டுடுங்க. மூணு நாள் கழிச்சுதான் எடுப்போம்."

"ஒரிஜினல வாங்கிப் பாக்க வேணாமா மேடம்?"

"பாத்துட்டேனே. அடுத்தவங்க."

வெளியே வந்து மச்சானிடம் சொன்னேன். வண்டியை ஸ்டார்ட் செய்யப் போனவன் நிறுத்திவிட்டான். "தொடவே இல்லயா?" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, திரும்பிப் பார்க்காமலேயே, "பாய்கிட்ட சொல்லாத" என்றான்.

வேலை கிடைத்தது. கடலூரில் ஒரு ஹாலில் வரிசையாக மேஜைகள், ஆளுக்கு ஒரு போன், ஒரு பட்டியல். தொற்று வந்து தனிமையில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, மூச்சு வாங்குதா? முதல் நாள் அந்த மூன்று கேள்விகளைக் கையில் கொடுத்தபோது எனக்குக் காது சூடானது. ஒருவருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது என்றார் மேற்பார்வையாளர். மத்தியானத்துக்குள் நானும் கட் செய்யப் பழகிவிட்டேன். அதுதான் என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. நின்றுகொண்டே பேசுவேன், ஒயர் போகிற தூரம் நடப்பேன்.

இரண்டாவது வாரம், பட்டியலில் சிதம்பரம் விடுதி. மாடி இரண்டு. ரூம் நம்பர் என்னுடையது.

ஒரு பெரியவர் எடுத்தார். மூன்று கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை. வைக்கப் போனேன். வைக்க முடியவில்லை. "வேற எதுனா தொந்தரவு இருக்காய்யா?"

"வாசம்தான் தெரியல தம்பி. சாப்பாடு மண்ணு மாதிரி இருக்குது."

"ஐயா, கட்டிலுக்குக் கீழ ஒரு தகரப் பொட்டி இருக்கா?"

கட்டில் கிறீச்சிட்டது. "இருக்குது. கம்பி போட்டுக் கட்டியிருக்கு. அதும்மேலதான் மாத்திரைய வெச்சிருக்கேன். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேற்பார்வையாளர் என் மேஜையைத் தட்டி, பட்டியலில் மிச்சம் இருந்த நம்பர்களைக் காட்டினார். நான் அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"கம்பிய அவுத்துட்டு மூடியத் தொறங்கய்யா. நல்லா குனிஞ்சு மோந்து பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."