ஈரக் கை

நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குப் பதினெட்டு வருடமாக நான்தான் தலைமைச் செயல் அதிகாரி. மீன் ஏலத்துக்காக நாங்கள் செய்த செயலியை மாமல்லபுரம் கரையில் யாருமே பயன்படுத்தவில்லை. "அவர்களுக்குக் கற்றுக்கொள்ள மனமில்லை" என்று கூட்டத்தில் அடித்துப் பேசிவிட்டு, கற்றுத்தர நானே கிளம்பிப் போனேன்.

மீன் பிரித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என் போனில் விரலை வைத்துத் தேய்த்தார். திரை அசையவில்லை.

"கை ஈரமா கீது சார். தொடச்சிகினு வர்றதுக்குள்ள ஏலமே முடிஞ்சிடும். இத்த செஞ்சவரு ஒரு தபா கூட இங்க வரலியா?"

"அவர்கிட்ட சொல்றேன்க்கா" என்றேன். அது நான்தான் என்று சொல்லாமல் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் கூட்டத்தில், தப்பு என்னுடையது என்று சொன்னேன். கரையிலேயே உட்கார்ந்து செயலியை முதலிலிருந்து எழுதினோம். இன்றும் எந்தச் செயலிக்கும் ஒப்புதல் தருமுன் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் திரையைத் தொட்டுப் பார்க்கிறேன்.