தீட்டுக்கு வந்த தண்ணீர்

என் அண்ணி தனலட்சுமிக்கு வாயைத் திறந்தால் கேள்விதான் வரும். கரும்புக் கொல்லையில் களை எடுக்கும்போதுகூட, "ருக்மணி, இந்தச் சீனியெல்லாம் கப்பல்ல போகுதே, திங்கிறவங்க நம்மளப் பத்தி ஒரு வார்த்தை கேப்பாங்களா?" என்பாள். "நீ போய்க் கேட்டுட்டு வா" என்று நானும் எரிந்து விழுவேன். ஆனால் ராத்திரி படுத்த பிறகு அதே கேள்வி என்னைத் தூங்க விடாது.

எங்கள் தீவின் தெற்கே சுரினாம் என்கிற எங்கள் கிராமத்தில் நாங்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல். சாமி கும்பிடவும் உறவைக் கூப்பிடவும்தான் தமிழ். இந்தக் கதையில் அவரவர் எந்தப் பாஷையில் பேசியிருந்தாலும் நான் தமிழில்தான் சொல்லப்போகிறேன்.

அறுபத்தைந்தாம் வருஷம் தைப்பூசத்துக்குச் சில மாதம் முன்பு கரும்பு வண்டி சாய்ந்து என் அண்ணன் விநாயகத்தின் கால் நசுங்கியது. அறுவடையும் முடிந்துவிட்டது. அறுவடை இல்லாத மாதங்களில் கொல்லையில் பாதிப் பேருக்கு வேலை கிடையாது, பெண்களுக்குக் கேட்கவே வேண்டாம். அண்ணன் நடந்துவிட்டால் பால்குடம் எடுக்கிறேன் என்று அண்ணி முருகனுக்கு நேர்ந்துகொண்டு விரதம் தொடங்கினாள். விரதத்துக்கு எங்கள் ஊரில் கரேம் என்று பெயர். காலையும் மாலையும் தலைக்குக் குளிக்க வேண்டும். குளிக்கத் தண்ணீர் ஆற்றில்தான், ஆறோ ஊருக்கு வெளியே பள்ளத்தில். குழாய் கேட்டு என் அப்பா காலத்திலேயே மனுப் போட்டாயிற்று. வருகிறது, வருகிறது என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஊரெல்லாம் ஒரே பேச்சு. கரும்பை மட்டும் நம்பியிருந்தால் ஆகாது, கிராமங்களில் தொழிற்சாலை வர வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்திருக்கிறதாம். வெளிநாட்டுக்காரர் யார் வந்து திறந்தாலும் சில வருஷத்துக்கு வரி கிடையாதாம், கட்டடமும் கிடைக்குமாம். பிரான்ஸிலிருந்து மிஸ்யே பெர்னார், அதாவது பெர்னார் ஐயா, என்று ஒருவர் வந்திருக்கிறார். அவர் செய்வது சவுரி. தலை முழுக்க மூடுகிற பெரிய சவுரி, தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளலாம். தொழிற்சாலை சுரினாமிலா, வடக்கே தேர் ரூஜ் கிராமத்திலா என்று இன்னும் முடிவாகவில்லை. பெண்களின் கைவேலையைப் பார்த்த பிறகுதான் சொல்வாராம்.

"சொந்தத் தலை இருக்கும்போது அடுத்தவ முடி எதுக்கு?" என்று அண்ணி கேட்டாள். எனக்கென்ன தெரியும்? வழுக்கையோ என்னவோ என்றேன். வேலை கிடைத்தால் வருஷம் முழுக்கச் சம்பளம் என்பது மட்டும் எங்கள் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது.

மிஸ்யே பெர்னாரை அழைத்து வந்த அதிகாரி தலைநகரமான போர்ட் லூயிஸ்காரர், பெயர் சுப்ரமணியன். நம் ஆள்தான். கழுத்தில் டை, கையில் குடை. நல்ல மனிதர், ஆனால் பட்டணத்திலேயே வளர்ந்தவர். சுரினாமில் பெரிய கூடம் எங்கே இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். கோவில் கூடம்தான் பெரியது என்று யாரோ சொல்ல, அங்கேயே ஏற்பாடு செய்துவிட்டார். கொடியேறிய கோவில். ஊரில் பாதிப் பேர் கரேமில் இருக்கிறோம். அந்தக் கூடத்தின் நடுவில் ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவிழ்த்துக் கொட்டினார்கள்.

முடி. கறுப்பும் செம்பட்டையுமாகக் கட்டுக்கட்டாய் வெட்டிய முடி.

"அயோ!" என்று பெண்கள் அத்தனை பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். எங்கள் வீடுகளில் முடி வெட்டிக்கொண்டவன் குளிக்காமல் வாசலைத் தாண்ட மாட்டான். கரேம் நாளில் சோற்றில் ஒற்றை முடி கிடந்தாலும் எழுந்துவிடுவோம். இங்கே சாமிக்கு எதிரிலேயே ஒரு மூட்டைத் தீட்டு! எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடையைப் பிடுங்கி அவரையே நாலு சாத்துச் சாத்தியிருப்பேன். சுப்ரமணியனுக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

மிஸ்யே பெர்னார் ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "இவர்களுக்கு வேலை வேண்டாமா? அப்படியானால் தேர் ரூஜுக்கே போகலாம்" என்றார். எனக்குப் பிரெஞ்சு புரியும், பள்ளிக்கூடத்தில் படித்தது. அண்ணியின் காதில் சொன்னேன். அவள் வெளியே பார்த்தாள். கோவில் மதிலோரம் அண்ணன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொட்டால் விரதம் கெடும், அவன் காலுக்காக எடுத்த விரதம். தொடாவிட்டால் அவனுக்குச் சோறு போட வந்த வேலை போகும்.

அண்ணி சுப்ரமணியனிடம் போய் நின்றாள்.

"மிஸ்யே, உங்க வீட்டுல வெட்டின முடியத் தொட்டுட்டா உங்க அம்மா என்ன செய்வாங்க?"

"குளிப்பாங்க."

"குளிச்சா?"

"தீட்டுப் போயிடும்."

"அவ்வளவுதானே? அப்ப தண்ணி எங்கே?"

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஆத்துக்குப் போய்க் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள உங்க வெள்ளைக்கார மிஸ்யே பிரான்ஸுக்கே போய்ச் சேந்துடுவார். மொதல்ல சாக்க வெளிய எடுங்க. அந்தப் பாதாம் மரத்தடியில வச்சா இன்னைக்குத் தொட்டுக் காட்டறோம், அப்புறம் ஆத்துல குளிச்சுக்கறோம். ஆனா இங்க லிஸின் வந்தா அது வாசல்ல டிலோ வரணும். குளிக்காம நாங்க வீட்டுக்குள்ள போக மாட்டோம். சொல்லுங்க அவர்கிட்ட."

லிஸின் என்றால் தொழிற்சாலை, டிலோ என்றால் தண்ணீர். சுப்ரமணியன் அதையெல்லாம் பிரெஞ்சில் எடுத்துச் சொன்னார். தீட்டு என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். "இவர்கள் சுத்தத்தில் ரொம்பக் கறார். வேலை முடிந்ததும் குளித்தாக வேண்டும், குழாய் வேண்டும் என்கிறார்கள்" என்றார். மிஸ்யே பெர்னார் அசந்துபோனார். இப்படிப்பட்ட வேலைக்காரர்கள் பாரிஸிலேயே கிடைக்க மாட்டார்கள், குழாய் இல்லாமல் தொழிற்சாலை இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார். மரத்தடியில் உட்கார்ந்து, அவர் காட்டியபடி அண்ணி முதல் முடியைச் சவுரிக்கு அடியாக வைக்கிற வலையில் முடிந்தாள். உதடு எதையோ முணுமுணுத்தது. முருகனிடம் மன்னிப்புக் கேட்டாளோ, கேள்விதான் கேட்டாளோ?

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே என்பார்கள். இந்த முறை பூசாரியான அரசாங்கமே ஓடி ஓடிக் கொடுத்தது. கரும்பு பூப்பதற்குள் தொழிற்சாலையும் சுரினாமுக்கே வந்து, மண் தோண்டிக் குழாயும் போட்டாகிவிட்டது. வெட்டின பள்ளத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அப்பா காலத்து மனு நினைவுக்கு வந்து ஆத்திரமாகவும் இருந்தது.

அண்ணி அந்தத் தொழிற்சாலையில் முடிச்சுப் போட்டபடியே கேள்வியும் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் தலைக்குப் போகிறது, மழையில் நனைந்தால் என்ன ஆகும், புருஷனுக்குத் தெரியுமா? ஒரு நாள் மிஸ்யே பெர்னாரே ஒரு பொன்னிறச் சவுரியை மாட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டிக் காட்டினார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. மாலையில் வாசல் குழாயில் முறைவைத்துக் குளிப்போம். எங்களுக்குப் பின்னால் ஊரே குடத்தோடு நிற்கும். எங்கள் சவுரியை மாட்டிக்கொள்ளப்போகிற, நாங்கள் கண்டிராத அந்த மனிதர்களைப் பற்றிய பேச்சில் பொழுது போவதே தெரியாது. அண்ணன் கால் தேறி விந்தி விந்தி நடந்தான். அடுத்த தைப்பூசத்துக்கு அண்ணி பால்குடம் எடுத்தாள், அவன் பக்கத்திலேயே நடந்து வந்தான்.

அறுபத்தேழு முடிவதற்குள் மிஸ்யே பெர்னார் கிளம்பிவிட்டார். சுதந்திரம் வருகிறது, என்ன ஆகுமோ தெரியாது என்றார். வேறொரு தீவில் இதைவிட நல்ல சலுகை கிடைத்ததாம். வலைகளும் மேசைகளும் கப்பல் ஏறின. அண்ணி அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை, எனக்கும் தாங்கவில்லை.

சுதந்திரம் வந்து புதுக் கொடி ஏறின வாரம், சாவியும் திருகுகோலுமாக ஓர் ஆள் வந்தான். தொழிற்சாலைக்கென்று அனுமதித்த குழாய், தொழிற்சாலையே இல்லாதபோது அடைத்துவிட உத்தரவு என்றான். வரிசையில் நின்ற பெண்கள் குடங்களைக் கீழே வைத்தார்கள். அண்ணி குழாய்க்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மிஸ்யே, இது அந்த வெள்ளைக்காரருக்காக வந்த தண்ணியில்ல. எங்க தீட்டுக்கு வந்த தண்ணி. அவர் கப்பல் ஏறிட்டார். எங்க தீட்டும் கூடவே ஏறிடுச்சா?"

அந்த ஆளும் தமிழன்தான், நெற்றியில் விபூதி இருந்தது. திருகுகோலைப் பைக்குள் போட்டான். பிறகு குனிந்து குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் தண்ணீர் பிடித்துக் குடித்தான். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அண்ணி குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் எங்கள் இருவருக்கும் மறுபடி கரும்புக் கொல்லைதான். வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள்:

"ஏன் ருக்மணி, அவர் வராமலே இந்தக் குழாயப் போட்டிருக்கலாமே. ஏன் போடல?"

அவள் கேட்டதற்கெல்லாம் நான் ஏதாவது ஒரு பதில் சொல்லி வாயை அடைப்பது வழக்கம். அன்றைக்குக் கோபம்தான் வந்தது, அவள் மேல் இல்லை, அப்பாவின் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு வருகிறது, வருகிறது என்றவர்கள் மேல்.