சித்தப்பா விட்ட வேலை

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டு, என் மகன் ஈரத்துணியால் பலகையைத் துடைத்தான். நனைந்த சாக்பீஸ் வாசனை அடித்தது.

"பா, நான் பி.எட். சேரப் போறேன்," என்றான்.

எனக்கு என் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது.

அவர் சட்டையில் எப்போதும் இந்த வாசனைதான். மதகடிப்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆறாம் வகுப்பில் நான் அவரிடம்தான் படித்தேன். முறுக்கை உடைத்துக் காட்டிப் பின்னம் சொல்லிக்கொடுப்பார். உடைந்த துண்டுகள் எங்களுக்கே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பெண் பார்க்க நெட்டப்பாக்கம் போனோம். பெண்ணின் அப்பா காபி கொடுத்துவிட்டு, "கவர்மெண்டு வேலயா?" என்று கேட்டார்.

"பிரைவேட்டுங்க," என்றார் சித்தப்பா.

"பொம்பளைங்களுக்கு அது சரி. ஆம்பள அத வெச்சி எப்புடிங்க குடும்பம் நடத்துறது? கம்பெனி எதுலனா சேந்துட்டு வாங்க, பேசலாம்."

அதற்கு முன் பார்த்த இரண்டு வீடுகளிலும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். சித்தப்பா காபியைக் குடிக்கவில்லை.

அடுத்த மாதம் வில்லியனூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்தார். அந்தப் பெண்ணையே கட்டினார். அதன்பிறகு நான் கணக்கு நோட்டோடு போனால், "டீச்சர கேளுடா," என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டான்.

"சின்ன தாத்தா நல்லா சொல்லிக்குடுப்பாரா பா?"

"அவர மாரி யாரும் சொல்லித் தரலடா. அவரையே விட வெச்சிட்டாங்க, அதான் பயமா இருக்கு."