சேகரித்தவர் பெயர்

துடியலூரில் என் மகளின் பள்ளி நூலகம். பிள்ளைகள் நாளிதழுக்குள் இலைகளை வைத்து, மேலே தடித்த அகராதிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதுமே பழைய ஆத்திரம் கொதித்தது.

தொண்ணூறுகளில் காரமடைப் பக்கம் ஏழாம் வகுப்பு படித்தேன். பள்ளி நூலகத்துக்காக ஓர் இலை ஆல்பம் செய்யச் சொன்னார்கள். நாற்பது இலைகளும் நான் பறித்தவை. ஆடு மேய்க்கும் வாய்க்கால் மேட்டில், முள் கிழிக்கக் கிழிக்கப் பறித்தேன். அகராதிக்கு அடியில் ஈரம் உறிஞ்சிய தாளைத் தினமும் மாற்றியதும் நானே.

ஒட்டி முடித்ததும் ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் டீச்சர், என்னோடு படித்த சுமதியின் பெயரை எழுதினார். சுமதி ஓர் இலையைக்கூடத் தொட்டதில்லை.

“கோவிச்சுக்காத கண்ணு. இந்த லைப்ரரி பீரோவே அவங்கப்பா வாங்கிக் குடுத்ததுதான். ஆபீசருங்க வாரப்ப அவ பேரு இருந்தா நல்லாருக்கும்.”

கண்ணு என்று கொஞ்சிக்கொண்டேதான் பிடுங்கினார். நானும் “சரிங்க டீச்சர்” என்றேன். இன்றுவரை ஆறாதது அந்தச் ‘சரிங்க’தான்.

மகளின் டீச்சர் ஒட்டி முடித்த ஓர் அட்டையை என்னிடம் காட்டினார். சேகரித்தவர் என்று என் மகளின் பெயர் மட்டும் இருந்தது.

“குரூப்புக்கு ஒரு பேரு போதுமுங்க. உங்க பொண்ணுதான் லீடருங்க.”

“இலையெல்லாம் யாரு அம்மணி பறிச்சது?” என்று மகளைக் கேட்டேன்.

அகராதி தூக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டினாள். “அவதாம்மா. ஆனா நாந்தான் லீடர்.”

என் மகளின் பெயரை அடித்துவிட்டுப் பேனாவை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

“அங்க என்ன பார்வை?” என்றேன். “எழுது.”