தே வா அக்காவின் கறுப்புச் சட்டை

எங்கள் மலையில் கல்யாணம் ஆகாதவளுக்கு நீள வெள்ளை அங்கிதான். கல்யாணம் ஆனால் கறுப்புச் சட்டை, சிவப்புக் கைலி. பக்கத்து வீட்டு தே வா அக்கா ஐம்பத்திரண்டு வயது வரை வெள்ளையில்தான் இருந்தாள். இடுப்பில் தறியைக் கட்டிக்கொண்டு ஊரில் பாதிப் பேருக்குக் கறுப்புச் சட்டை நெய்து, மணிபோல இருக்கும் காட்டு விதைகளைக் கோத்துத் தைத்தவள் அவள். தனக்கென்று ஒன்று தைத்ததில்லை. மிளகாய்க் காட்டில் வாழையிலை விரிக்காமல் உட்கார மாட்டாள். அந்த வெள்ளையை ஓடையில் துவைத்துத் துவைத்தே கை காய்த்துப்போனது.

அறுவடை முடிந்ததும், மனைவியை இழந்த பூ லே என்பவர் அக்காவைப் பெண் கேட்டு வந்தார். அக்கா உடனே சரி என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அந்த ஆளுகிட்ட அப்படி என்னத்தக்கா கண்ட?"

"ஒண்ணுமில்ல. துவைச்சு அலுத்துப்போச்சுடி."

வாசலில் நின்ற பூ லே காதிலும் அது விழுந்தது. "துணிக்காகவே கட்டிக்கட்டும். கூட நானும் ஒரு மூலையில இருந்துட்டுப் போறேன்" என்றார்.

கல்யாணத்துக்கு மறுநாள் காட்டில் வழக்கம்போல வாழையிலை வெட்டி நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. கறுப்புச் சட்டையும் சிவப்புக் கைலியுமாக ஈர மண்ணில் அப்படியே காலை நீட்டி உட்கார்ந்தாள். எழுந்தபோது தட்டிவிடவும் இல்லை.