கேற்றைத் திறந்த சனிக்கிழமை

எங்கள் யூனியன் கதையைச் சொல்கிறவர்கள் வென்ற நாட்களைத்தான் சொல்வார்கள். தோற்ற நாள் ஒன்றை நான் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. நாங்கள் குடியேறிய குவேக்கர்ஸ் ஹில்லில் நான் படித்த பள்ளிக்கூடத்தை அம்மாதான் கூட்டித் துடைத்தாள். கூட டொங்காத் தீவுப் பெண் ஒருத்தி, பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி. புதிதாக வந்த கொன்ட்ராக்ட் கொம்பனி வேலை நேரத்தைக் குறைத்தது. வகுப்பறைகளைக் குறைக்கவில்லை. மூன்று பேரும் யூனியனில் சேர்ந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் யூனியன் வந்தது அப்படித்தான். பிறகு வேலைநிறுத்தம் என்று தும்புத்தடியைக் கீழே வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை கக்கூசுகள் நாறின. திங்கட்கிழமை பேச வருகிறோம் என்று கொம்பனி இறங்கி வந்தது. அம்மா சிரித்தாள்.

அன்று பின்னேரமே பள்ளி அதிபர் பெற்றோருக்குச் செய்தி அனுப்பினார். நாளைக்கு வாருங்கள், எல்லோருமாகச் சுத்தம் செய்வோம், சொசேஜ் சுட்டுத் தருவோம். வேலைநிறுத்தம் பற்றி ஒரு சொல் இல்லை.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஹெலன்ஸ்பர்க் கோயிலில் பாத்திரம் கழுவ முதல் ஆளாக நிற்பவள். அவளுடைய மகனும் என் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். கோயில் பெண்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். கேற்றில் அம்மாவும் நானும் நின்றோம்.

"அக்கா, உள்ளுக்குப் போகாதேங்கோ. நாறட்டும்."

"உனக்கென்ன விசரே? பிள்ளையள் போற கக்கூசு. நான் என்ன காசுக்கே கழுவப் போறன்? இது சிரமதானமடி!"

"நீங்கள் சும்மா கழுவினால் என்ர வேலைக்கு என்ன மதிப்பு?"

"கொடி பிடிச்சு உனக்கு வாயும் நீண்டுபோச்சு. தள்ளு."

அதிபர் தானே வந்து கேற்றைத் திறந்தார். அம்மாவின் சாமான் அறையையும் திறந்தார். அம்மாவின் மொப்பை எடுத்துப் பெரியம்மாவின் கையில் கொடுத்தார். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் பளபளத்தது.

திங்கட்கிழமை கொம்பனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. காலைக் கூட்டத்தில் அதிபர் மைக்கைப் பிடித்துத் தமிழ்ச் சமூகத்துக்கு நன்றி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பெரியம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு விளங்கவில்லை. அதிபருக்கு எல்லாம் விளங்கும். விளங்கிக்கொண்டுதான் திறந்தார். அந்த ஆளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை. இப்போது நானும் அம்மா செய்த அதே துப்புரவு வேலைதான், அதே யூனியன்தான். வேலைநிறுத்தம் என்றால் முதலில் கோயில்களுக்கும் சேர்ச்சுகளுக்கும் போய்ச் சொல்கிறோம். அம்மாவின் இடுப்பு நாரியை முறித்து வந்த புத்தி அது.

அம்மா செவ்வாய்க்கிழமை வேலைக்குத் திரும்பினாள். குறைந்த நேரம், அதே வகுப்பறைகள். பள்ளி விட்டதும் நான் வெளியே காத்திருந்தேன். வக்கூம் மெசினை முதுகில் மாட்டிக்கொண்டு அம்மா ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. விளையாட்டு என்று நினைத்தேன். புத்தகப் பையைப் போட்டுவிட்டு நானும் கூட ஓடினேன்.

"அம்மா, நான்தான் முதல்!" என்று கத்தினேன்.